பத்தாவது தவளையின் இருப்பிடம்

முழிச்சான்பட்டிக் குளத்தைத் தூர்த்துக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடைய இரண்டு எருமைகளும் உச்சிவேளையில் அந்தக் குளத்தில் ஊறினால்தான் பால் தரும். மண்டபத்தில் எருமையை ஊறவைக்கலாமா என்று விசாரித்தும் பார்த்துவிட்டான். கூடாதாம்.

அந்த நேரத்தில்தான் வனத்துறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மஞ்சள்வரித் தவளை அருகிவரும் இனமாம். குறைந்தது பத்துத் தவளை இருந்தால் குளத்தை யாரும் தொட முடியாதாம். எண்ணும் வேலையைச் சடையாண்டியும் அவன் கூட்டாளிகள் ஒச்சப்பனும் மொக்கையனும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஊரில் தங்களைவிடப் புத்திசாலி கிடையாது என்பது மூவரின் ஏகமனதான கருத்து.

"மூணே விஷயம்தாண்ணே," என்றார் அந்த அம்மா. "காலைக் கழுவிட்டுத்தான் குளத்துல எறங்கணும். எடுத்த தவளைய எடுத்த எடத்துலயே விடணும். அது இருக்கிற எடத்தைச் சுத்தி வேலி போட்டு, யாரையும் விடக்கூடாது. சாயங்காலம் வந்து பாக்குறேன்."

தெருக்குழாயில் கால் கழுவிக்கொண்டு நடந்தார்கள். கரைக்கு வருவதற்குள் காலெல்லாம் புழுதி. திரும்பப் போய்க் கழுவினார்கள். திரும்பவும் புழுதி.

"குழாய்க்கும் குளத்துக்கும் நடுவுல பாதை இருக்கே, அதான்டா தப்பு," என்றான் ஒச்சப்பன்.

ஆறாவது நடையில் சடையாண்டிக்கு மூளை வேலை செய்தது. குழாயடியிலேயே எருமைமேல் ஏறிக்கொண்டார்கள். எருமைகள் சாணிக்காலோடு சந்தோஷமாகக் குளத்தில் இறங்கின. மூவர் காலும் படு சுத்தம்.

மதியத்துக்குள் ஒன்பது தவளை கிடைத்தது. எடுத்த இடத்தில் குச்சி நட்டு, அங்கேயே விட்டார்கள். ஒன்றை மட்டும் மொக்கையன் அது தாவும்போது பிடித்துவிட்டான்.

"இதை எடுத்த எடம் எது?"

"ஆகாசம்."

"அப்ப அங்கதான விடணும்?"

அரைமணி நேரம் விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அது பொறுப்பில்லாமல் தண்ணீரில் விழுந்தது.

பொழுது சாய்ந்தது. பத்தாவது தவளையைக் காணோம். குளம் போச்சு, பால் போச்சு என்று சடையாண்டி கரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்தான். சில்லென்று என்னவோ பட்டது.

"அசையாதடா!" என்று ஒச்சப்பன் பாய்ந்து அதை எடுத்தான். மஞ்சள் வரி பளிச்சென்று இருந்தது. "பத்து!"

எடுத்த இடத்திலேயே, அதாவது சடையாண்டியின் தலையிலேயே, பயபக்தியோடு திரும்ப வைத்தான். மொக்கையன் கருவேல முள் வெட்டி வந்து அவனைச் சுற்றி வேலி போட்டான்.

"நான் எப்படிடா வீட்டுக்குப் போறது?"

"நீ தாராளமாப் போ. தலை மட்டும் இங்க இருக்கணும்."

யோசித்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த அம்மா வந்தார். பார்த்தார். "ஐயோ அண்ணே, அதை எறக்கி விடுங்க!" என்று வேலியருகே ஓடினார்.

மொக்கையன் குறுக்கே நின்றான். "யாரையும் விடக்கூடாதுன்னு ஒரு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"நான்தாங்க அந்த அம்மா!"

"அப்ப ஒங்களுக்கே தெரியுமே."

அவர் வேலிக்கு வெளியே நின்றபடியே பத்து என்று எழுதிக்கொண்டு, குளம் தப்பியது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் தவளை ஒரே தாவாகக் குளத்துக்குள் போய்விட்டது. சடையாண்டி நிம்மதியாக எழுந்தான்.

"உக்காருடா!" என்று அதட்டினான் ஒச்சப்பன். "அது வெளிய போயிருக்கு. திரும்பி வந்து தலையைக் காணோம்னா, இந்த ஊரே வேணாம்னு போயிரும். அப்புறம் ஒம்பதுதான். மண்டபம் வந்துரும்."

சடையாண்டி உட்கார்ந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. பாவம், வழி தெரியாமல் அது தடுமாறக்கூடாதே என்று உச்சந்தலையில் ஓர் அகல்விளக்கையும் ஏற்றி வைத்துக்கொண்டான். தவளைக்கு இடம் விட்டு, கொஞ்சம் ஓரமாக.