ராஜா ஊரைக் கேட்ட கதை

வெகுகாலத்துக்கு முன்னால் செங்காட்டுச் சீமையை விருதுராயன் என்றொரு ராஜா ஆண்டான். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. தன் உத்தரவு இல்லாமல் மயில்கள் ஆடக்கூடாது என்று ஒருமுறை சட்டம் போட்டவன். இரண்டு வருஷம் மழை குறைந்ததும் அவனுக்கு அதிசயமாக ஒரு நல்ல கவலை வந்தது. "என் பேரன் காலத்தில் இந்தச் சீமை எதைக் குடிக்கும்? நூறு வருஷத்துக்குத் தண்ணீர்த் திட்டம் போடுங்கள். ஊரைக் கேட்டுப் போடுங்கள்" என்றான்.

வேலை அரண்மனையின் பெரிய ஆலோசகர் சதுர்மதியாரிடம் போனது. ராஜா இன்னொருவர் பேச்சுக்குத் தலையாட்டினால் அவருக்கு வயிறு எரியும். ஊரைக் கேட்பதாவது! அறைக்குள் உட்கார்ந்து பட்டுத்துணியில் படம் வரைந்தார். அரண்மனை மாடத்துக்கு எதிரே பெரிய ஏரி, நடுவில் ராஜா படகில் போய் உட்கார ஒரு மண்டபம். தண்ணீருக்கு எங்கே போவது? வாகைக் கண்மாய்க்கு வரும் வாய்க்காலை மறித்துத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. அந்தக் கண்மாயை நம்பிப் பதினெட்டு ஊர் இருந்தது. அந்தப் பதினெட்டு ஊரையும் படத்தில் காணோம்.

வாகைக் கண்மாயின் மடையைத் திறந்து மூடுகிறவள் ஒச்சாயி. மூச்சைப் பிடித்து முங்கி, அடியில் இருக்கும் மடைக்கல்லைத் தூக்கினால்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும். புருஷன் போனபிறகு அந்த வேலை அவள் கைக்கு வந்தது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில்.

ஊரைக் கேட்டதாகக் கணக்குக் காட்ட, குறித்த நாளில் ஊர் ஊராக ஆட்களைக் கூட்டி வந்தார்கள். ஒச்சாயியும் வந்தாள். வெளிமுற்றத்தில் சதுர்மதியாரின் ஆள் பாடம் நடத்தினான். "ஐயா, வாகை வாய்க்காலை இங்கே திருப்பி ஏரி வெட்டப்போறதைச் சொல்லி 'சரிதானே?'ன்னு முடிப்பாரு. முரசு ஒரு தட்டு தட்டும். உடனே எல்லாரும் 'ஆமாம் மகாராஜா'ன்னு கத்தணும். கத்தினவனுக்குப் புளிச்சோறு, கத்தாதவனுக்குச் சவுக்கு."

முந்நூறு பேரும் நாலு தடவை கத்திப் பழகினார்கள். ஒச்சாயிக்கும் பாடம் நன்றாக மனப்பாடமானது. சவுக்குக்குப் பயம்தான். ஆனால் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு திரும்பினால் அடுத்த வருஷம் முங்குவதற்குக் கண்மாயில் தண்ணீரே இருக்காது.

அவை கூடியது. சதுர்மதியார் பட்டுத்துணியை விரித்தார். "வாகை வாய்க்காலைத் திருப்பி, மகாராஜாவின் பேர் சொல்லும் ஏரியை இங்கே வெட்டுகிறோம். சரிதானே?"

டம்! "ஆமாம் மகாராஜா!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தான்.

ஒச்சாயி எழுந்தாள். "மகாராசா, நானும் ஊரை ரெண்டு வார்த்தை கேக்கலாமா?"

"தாராளமாகக் கேள்!"

"ஏரியைத் தரையில வெட்டினா மழை அம்புட்டு தூரம் இறங்கி வரணும், பாவம். மலை உச்சியில கட்டிட்டா மேகத்துக்குக் கால் வலிக்காது. சரிதானே?"

டம்! "ஆமாம் மகாராஜா!"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உச்சியில இருந்து தண்ணி வர மாட்டேன்னா, நாலு சிப்பாயை விட்டுச் சவுக்கால அடிச்சு ஓட்டியாந்துரலாம். சரிதானே?"

டம்! "ஆமாம் மகாராஜா!"

"எங்க மடைக்கல்லு தேஞ்சு கெடக்கு. அதுக்குப் பதிலா நம்ம சதுர்மதி ஐயாவை மடையில அடைச்சு வெச்சா ஒரு சொட்டு ஒழுகாது. ஆளும் நல்ல அகலம். சரிதானே?"

முரசுக்காரன் கை பழக்கத்தில் தட்டிவிட்டது. இந்தத் தடவை கூட்டம் யாருடைய சவுக்குக்கும் பயப்படாமல் மனசாரக் கத்தியது.

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. "அப்படியானால் முதலில் எனக்குச் சொன்னார்களே ஒரு 'ஆமாம்', அது?"

"அதுவும் இதே தொண்டைதான் மகாராசா. இதே புளிச்சோறுதான்."

சதுர்மதியார் துள்ளிக் குதித்தார். "இந்த மடைச்சி பேச்சைக் கேட்டா நூறு வருஷத் திட்டம் போடுவது?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒச்சாயிக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பயமும் போயிற்று. "ஐயா வாயில இன்னைக்கு வந்த மொத உண்மை இது. மடை தெறக்கிறவ மடைச்சிதானே? எங்க வீட்டுக்காரரு மடையன், மாமனாரு மடையன், அவுக அப்பாரும் மடையன். அந்த மடையங்க மூச்சைப் பிடிச்சு முங்கினதுலதான் இந்த அரமனையில சோறு வேகுது" என்றாள். அவைக்கு நடுவே அவள் நின்ற நிமிர்வைப் பார்த்து வாயிற்காவலனே ஈட்டியை நேராகப் பிடித்துக்கொண்டான்.

ராஜா முரசை வெளியே அனுப்பினான். படியிறங்கி ஜனங்கள் நடுவே வந்தான். "உங்கள் ஊருக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? எங்கே நின்றுபோகிறது?"

பிறந்ததிலிருந்து யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்க ஊருக்கு வர்றதே இல்லீங்க. வாய்க்கால்ல மண்ணு மேவிக் கெடக்கு." அவ்வளவுதான், முந்நூறு வாயும் திறந்துகொண்டன. மூன்று நாள் பேசினார்கள். கடைசியில் புது ஏரி வேண்டாம் என்று முடிவானது. சீமையிலுள்ள கண்மாய்களையெல்லாம் தூர்வாரி, ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்குப் போகும்படி கோத்துவிடுவது, வாகைக் கண்மாய்க்கு இரண்டு முழம் கரை உயர்த்துவது என்று திட்டம் ஆயிற்று. அதை நடத்தும் சபைக்கு ஒச்சாயிதான் தலைவி. வாய்க்கால் வாய்க்காலாக நடந்து ஜனங்கள் சொல்வதை எழுதிவரும் வேலை சதுர்மதியாருக்கு.

வேலை முடிந்ததும் வாகை மடையில் கல்வெட்டு வைக்கச் சொன்னான் ராஜா. சொன்ன வாசகத்தைக் கேட்டுச் சதுர்மதியார் நெளிந்தார். "மகாராஜா, மடையர் என்று வேண்டாமே, அறிஞர் என்று போடலாம்."

"அறிஞர் சொன்னதைத்தான் பட்டில் பார்த்தேனே!" என்றான் ராஜா.

கல்லில் இப்படி வெட்டினார்கள்: "மடையர் சொன்னார்கள், மன்னன் கேட்டான்."

அந்தப் பதினெட்டு ஊரில் மட்டும் யாரையும் மடையன் என்று திட்டிவிடாதீர்கள். மீசையை முறுக்கிக்கொண்டு, "ஆமாம், எத்தனையாவது தலைமுறைன்னும் கேளுங்க" என்பார்கள்.