கான சிங்கத்தின் தனி ட்ராக்

பாடகர் திருவேங்கடநாதனுக்குக் ‘கான சிங்கம்’ என்று பட்டம், கொடுத்துக்கொண்டவரும் அவரே. கச்சேரி முடிந்த மறுநாள் சபாக்காரர்களோடு ஸ்டுடியோவுக்கு வந்து இறங்கினார். கச்சேரியைப் பதிந்த ரெக்கார்டரில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் தனித்தனி ட்ராக்கில் பதிவாகியிருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது உதவியாளர் புனிதாவின் வேலை.

“சிடிக்கு என் ட்ராக்கை மட்டும் ஏத்து. வயலின் கோமளா கச்சேரியையே கெடுத்துட்டா. அட்டையில அவ பேரும் வேண்டாம்.”

கச்சேரி முழுவதையும் ஹெட்போனில் கேட்டிருந்த புனிதா பணிவாகக் கேட்டாள்: “உங்க ட்ராக்குல ஏதாவது வெட்டணுமா, சார்?”

“சிங்கத்தையா வெட்டுவே? மூச்சுகூடக் குறையக் கூடாது!”

அப்படியே ஏற்றி, எல்லோர் முன்னாலும் போட்டாள். கம்பீரமாகக் கிளம்பிய குரல் பாதியில் தடுமாறியது. பிறகு ஒரு முணுமுணுப்பு: “கோமளா, சரணம் மறந்துபோச்சு. நீயே வாசிச்சு ஒப்பேத்திடு, தாயே!” அப்புறம் நாலு நிமிஷம் வெறும் செருமலும் “பலே, பலே”யும்தான்.

சபாச் செயலாளர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“மூச்சுகூடக் குறையலை, சார்,” என்றாள் புனிதா.

சிங்கம் அவள் பக்கம் குனிந்தது. “வயலினையும் ஏத்தும்மா. கொஞ்சம் சத்தமாவே வை. அட்டையில அவ பேரு என் பேரைவிடப் பெரிசா இருந்தாலும் பரவாயில்லை.”