வேதாசலம் சமைத்த வெள்ளிக்கிழமை

வேதாசலம் மேடையேறிவிட்டால் போதும், உடம்பு என்று ஒன்று இருப்பதே ஜனங்களுக்கு மறந்துபோகும். தட்டாம்பாறை மலைமேல் இருக்கிற மடத்தில் பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அவர் பேச்சுதான். "உடம்பு பொய்! வெறும் தோற்றம்!" என்று அவர் போடுகிற போட்டில், மூட்டுவலிக்காரர்கள்கூட மலையிறங்கும்போது முனகுவதற்கு வெட்கப்படுவார்கள்; பாதிப் பேர் அன்றைக்குச் சோற்றையே தொடமாட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் மூன்று மாதத்துக்கு முன்னால் மடத்துக் குளத்துப் படியில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்த டாக்டர், "எலும்பில் வலுவே இல்லை ஐயா. அடுத்த தடவை விழுந்தால் இடுப்பு. அப்புறம் படுக்கைதான்" என்று சொல்லிவிட்டார். கோதுமையும் பாலும் அவர் வயிற்றுக்கு ஆகவே ஆகாது என்றும் சொன்னார்.

மடத்துச் சாப்பாடோ, காலையில் கோதுமை உப்புமா, மத்தியானம் தயிர்சாதம், ராத்திரி சப்பாத்தி. வேதாசலம் முக்கால்வாசியை இலையிலேயே ஒதுக்கிவிட்டு எழுந்தார். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "தயிரைக்கூடத் துறந்துட்டாரே! என்ன வைராக்கியம்!"

வயிறு ஊதுகிறது அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காதுக்குச் சுகமாக இருந்தது, வேறென்ன!

ஆனால் பயம் விட்டால்தானே? படியைக் கண்டாலே சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு வியாழக்கிழமை, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மாசிலாமணி சாமியிடம் போனார். மடத்தின் தலைவர் அவர்தான்; வேதாசலத்தைவிட இருபது வயது சின்னவர். உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, தெரிஞ்ச அன்பர் ஒருத்தருக்கு எலும்பு தேஞ்சுபோச்சு. கோதுமை ஆகாது, பால் ஆகாது. அவர் என்னதான் சாப்பிடுறது?"

"அடப் பாவமே. என்ன வயசு?"

"அறுபத்திமூணு. என் வயசுதான்."

"எங்க விழுந்தாராம்?"

"ஏதோ... ஒரு குளத்துப் படியில."

"எந்தக் கை?"

வேதாசலம் இடது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

சாமி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாளைக்குக் காலையில அடுக்களைக்கு வாரும். அந்த அன்பருக்காக நாமளே சமைச்சுப் பாப்போம்."

மறுநாள் வேதாசலம் ஆயுளில் முதல்முறையாக அடுப்பு மூட்டினார். கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவைக் கொட்டிக் களி கிண்டினார். முருங்கைக்கீரையை வதக்கி, எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவினார். கடைசியாகத் துவையலுக்குப் பிரண்டையை எடுத்தார்.

"கையில நல்லெண்ணெய் தடவிக்கிடும்" என்றார் சாமி.

சமையல்காரர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சும்மா இருப்பாரா மனுஷர்? "அழியப்போற கைக்கு எண்ணெய் ஒரு கேடா, சாமி?" என்றார். சமையல்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டார்.

வேதாசலம் வெறுங்கையால் நார் உரித்து, நறுக்கி, சிவக்க வதக்கி, மிளகாயும் உளுந்தும் புளியும் வைத்து அரைத்து முடித்தார். பிறகு "அன்பருக்கு ஒத்துக்குமான்னு பாக்கணுமே" என்று இரண்டு உருண்டை களியை உள்ளே தள்ளினார். மூன்று மாதம் கழித்து வயிறு நிறைந்தது. கண்ணில் நீரே வந்துவிட்டது.

பத்து மணிக்கு மேடையேறினார். "உடம்பு பொய்!" என்று தொடங்கினார். உள்ளங்கை அரித்தது. "வெறும் தோற்றம்!" விரலிடுக்கு அரித்தது. சொறிந்த கையால் கழுத்தைத் தொட்டார், கழுத்தும் அரித்தது. பேச்சை விடாமல் பரபரவென்று தேய்த்தார். முன்வரிசை அன்பர்கள் அதை ஏதோ புது முத்திரை என்று நினைத்து, பக்தியோடு தங்கள் கழுத்தையும் தேய்த்தார்கள்.

கூட்டத்தின் நடுவிலிருந்து கீரைக்காரி பேச்சியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சாமி, எனக்கும் எலும்பு தேஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க எல்லாத்தையும் ஒதுக்கிட்டு இப்படி நிக்கிறதைப் பாத்து நானும் மாத்திரையை விட்டேன். ஒரு வேளைக் கஞ்சியோட நிறுத்திக்கிட்டேன். நேத்து வாசல்லயே விழுந்துட்டேன். என் பக்தியில என்ன குறை சாமி?"

வேதாசலம் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்தினார். ஐயோ, இவள் இடுப்பு முறிந்திருந்தால்? கடைசி வரிசையில் இருந்த மாசிலாமணி சாமியைப் பார்த்தார். சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதாசலம் மேடையைவிட்டு இறங்கினார்.

"குறை உன்கிட்ட இல்ல தாயி. நான் எதையும் துறக்கல. கோதுமையும் பாலும் எனக்கு ஆகல, வயிறு ஊதும். நீங்க புகழ்ந்தீங்க, நான் வாயை மூடிக்கிட்டேன். இன்னைக்குக் காலையில களியும் பிரண்டைத் துவையலும் ஒரு பிடி பிடிச்சேன். விழுந்திடுவோமோன்னு எனக்கும் பயம் தாயி, உன்னைவிட அதிகமா."

பேச்சியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துவையலுக்குப் புளி எவ்வளவு வச்சீக?"

"கோலிக்குண்டு அளவு. பிரண்டை நல்லா வதங்கணும், இல்லைன்னா தொண்டை அரிக்கும்."

"அது கிடக்கட்டும், கை ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு? எண்ணெய் தடவாமலா உரிச்சீக? அறிவு வேண்டாமா சாமி?"

"இல்லாமத்தானே போச்சு" என்றார் வேதாசலம். "மாத்திரையை விடாதே தாயி. இன்னைக்கே திரும்ப ஆரம்பி. இடுப்பையும் டாக்டர்கிட்டக் காட்டு."

பேச்சியம்மாள் தலையாட்டிவிட்டு, பக்கத்துவீட்டுக்காரியின் தோளைப் பிடித்தபடி மெதுவாகப் படியிறங்கினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பந்தல் காலியானது.

வேதாசலம் சாமியின் பக்கத்தில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மானம் போச்சு சாமி. பதினோரு வருஷத்துல ஒரு நாளும் என் பேச்சு இப்படிப் பாதியில நின்னதில்ல."

"பதினோரு வருஷமா உம்ம பேச்சு முடிஞ்சு எல்லாரும் பட்டினி கிடக்கப் போனாங்க" என்றார் சாமி. "இன்னைக்குத்தான் ஒருத்தி சமைக்கப் போறா."