முந்திப் போன காவல் வண்டி

ஜீப் ஓட்டத் தெரிந்த மிருகங்கள் ஒரு காட்டில் வாழ்ந்துவந்தன. யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள் குழந்தைகளே. தெரியும், அவ்வளவுதான்.

கோடை வந்தால் அந்தக் காட்டின் குளம் வற்றிவிடும். மலைக்கு அப்பால் வற்றாத சுனை ஒன்று உண்டு. குளத்தில் சேறு வெடிக்கத் தொடங்கியதும் மிருகங்கள் ஜீப்புகளில் ஏறி வரிசையாக மலையைத் தாண்டிப் போகும். தார்ச் சாலை கிடையாது. பாறையும் மணலும் புழுதியும்தான் பாதை.

அந்த ஆண்டு நான்கு ஜீப்புகள் புறப்பட்டன.

முதல் ஜீப்பில் கரடி வீரணன். பாதை முழுவதும் அதற்கு மனப்பாடம். சொன்னால் சொன்னதுதான், பேச்சை மாற்றாது. இரண்டாவது ஜீப்பில் காட்டெருமை மாசிலாமணி. மரத்தையே வேரோடு இழுக்கும் பலம், ஆனால் வாயைத் திறந்தால் "ம்" என்பதற்கு மேல் வார்த்தை வருவது அபூர்வம்.

மூன்றாவது ஜீப் சோலையம்மாவுடையது. சோலையம்மா ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்தாற்போல் செதில் மூடி, எறும்பைத் தின்று வாழுமே, அந்தப் பிராணி. பரம சாது. பயம் வந்துவிட்டால் மட்டும் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பிறகு யார் கூப்பிட்டாலும் வாய் திறக்காது. அன்று அதன் வாலில் பால் மறக்காத குட்டி ஒன்று தொற்றிக்கொண்டிருந்தது.

கடைசி ஜீப்பில் கீரி துரைக்கண்ணு. கீரிக்கு எல்லாவற்றிலும் வேகம். மற்றவர்கள் கியர் போடுவதற்குள் அது அடுத்த வளைவில் இருக்கும்.

கரடி ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தது. ஒரு பாறைமேல் கற்பூரம் ஏற்றிக் கண்ணை மூடிக்கொண்டது.

"சாமி, சேர்ந்து கிளம்பறோம். சேர்ந்தே போய்ச் சேரணும்" என்று கும்பிட்டது. பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னது.

"முன்னால போறவனை யாரும் பார்க்க வேண்டாம். பின்னால வர்றவங்களைப் பாருங்க. பாதை பிரியற இடத்துல பின்னால வர்ற வண்டி தெரியற வரைக்கும் நில்லுங்க. நான் நீளமா ஒரு ஹார்ன் அடிப்பேன். கடைசி வண்டி ரெண்டு தடவை குட்டையா அடிக்கணும். 'எனக்குப் பின்னால யாரும் இல்ல, எல்லாரும் முன்னால பத்திரமா இருக்காங்க'ன்னு அதுக்கு அர்த்தம். புரிஞ்சுதா?"

"ம்" என்றது காட்டெருமை.

"அண்ணே, என்னை ஏன் கடைசியில போட்டீங்க? இந்தக் காட்டுலயே நல்லா ஓட்டறவன் நான்தானே?" என்று கீரி கேட்டது.

"அதனாலதான் தம்பி. கடைசி வண்டிதான் காவல் வண்டி. யார் நின்னாலும் விழுந்தாலும் முதல்ல பார்க்கப் போறது நீதான்."

கீரிக்கு அது காதில் ஏறவில்லை. 'காவலாம் காவல்! மூன்று வண்டிப் புழுதியையும் நான் தின்ன வேண்டும், அதற்கு ஒரு பட்டம்' என்று நினைத்துக்கொண்டது.

எலுமிச்சம்பழங்கள் நசுங்க, ஜீப்புகள் கிளம்பின.

காட்டு விளிம்பு வரை கீரி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. சோலையம்மாவோ ஒவ்வொரு கல்லுக்கும் பிரேக் பிடித்தது. ஒவ்வொரு பள்ளத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது.

"அக்கா! கல்லையெல்லாம் கேட்டுக் கேட்டா ஓட்டறீங்க?" என்று கீரி பின்னாலிருந்து கத்தியது.

"குட்டி தூங்குது தம்பி. குலுங்கினா எழுந்துக்கும்."

"நீங்க போற வேகத்துல அது எழுந்து, வளர்ந்து, அதுவே வண்டியை ஓட்டிடும்!"

சோலையம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாகவும் போனது.

பெரிய புல்வெளி ஒன்று வந்தது. எந்தப் பக்கமும் மரம் இல்லை. கீரிக்குக் கை துறுதுறுத்தது. ஜீப்பைப் பக்கவாட்டில் ஒடித்து, சோலையம்மாவுக்கு இணையாகக் கொண்டுவந்தது.

"அக்கா, நான் முன்னால போறேன். பாதை எப்படி இருக்குன்னு பார்த்துக்கறேன்."

"அப்போ எனக்குப் பின்னால யாரு தம்பி வருவா? வீரணன் அண்ணன் வேற மாதிரி சொன்னாரே."

"அடுத்த பிரிவுல நின்னு உங்களை முன்னால விட்டுடறேன். இதுக்குப் போய்ப் பயப்படறீங்களே!"

சோலையம்மா தயங்கி ஓரம் ஒதுங்கியது. கீரி விர்ரென்று பறந்தது. காற்று முகத்தில் அடித்தது. புழுதி இல்லை, தடை இல்லை. 'இதுவல்லவா ஓட்டுவது!' என்று அதன் மனம் துள்ளியது.

புல்வெளி முடியும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் மலைமேல் ஏறியது. வலப்பக்கம் காட்டாற்று மணலில் இறங்கியது. பிரிவில் காட்டெருமை சொன்னபடி நின்றிருந்தது. பின்னால் புழுதிக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. 'சோலையம்மா வந்துவிட்டாள்' என்று நினைத்து அது மேலே ஏறியது. அந்த விளக்குகள் கீரியுடையவை.

கீரி பிரிவுக்கு வந்தது. நிற்க வேண்டும் என்று நினைவு இருந்தது. பின்னால் பார்த்தது. சோலையம்மா புல்வெளியின் நடுவில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

'அதுவரைக்கும் நான் இங்கே உட்கார்ந்து ஈ ஓட்டவா? சக்கரத் தடம் இருக்கிறதே, அதைப் பார்த்து வரட்டும்' என்று சொல்லிக்கொண்டு இடப்பக்கம் திரும்பி ஏறியது.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து கரடியின் ஹார்ன் நீளமாகக் கேட்டது. கீரியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு, பீப், பீப் என்று இரண்டு தடவை அடித்தது.

எல்லாரும் பத்திரம் என்று கரடி நம்பியது.

பாறைக் கணவாய் வந்ததும் புழுதி அடங்கியது. காட்டெருமை கண்ணாடியில் பார்த்தது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி வந்தது.

"நீயா? அக்கா எங்கே?"

காட்டெருமை ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"பின்னால... வர்றாங்க" என்றது கீரி.

பின்னால் வெறும் பாதை. மேல்மலையில் மேகம் கருத்துத் திரண்டிருந்தது. அங்கே மழை கொட்டுகிறது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மேல்மலையில் பெய்தால் காட்டாற்றில் வெள்ளம் வரும். கண்ணாடியில் காட்டெருமையைக் காணாமல் கரடியும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டது.

"ஹார்ன் அடிச்சுப் பார்க்கலாம் அண்ணே" என்று கீரி பரபரத்தது.

"அடிச்சு? பயந்திருந்தா சுருண்டிருப்பா. சுருண்டவ பதில் ஹார்ன் அடிப்பாளா?" கரடி குனிந்து கீரியின் கண்ணைப் பார்த்தது. "துரைக்கண்ணு, அவளைக் கடைசியா எங்க பார்த்தே?"

'அந்த வளைவுக்குக் கீழேதான்' என்று சொல்லக் கீரியின் நாக்கு தயாராக இருந்தது. சொன்னால் திட்டு கொஞ்சம் குறையும். ஆனால் எல்லோரும் வளைவில் தேடுவார்கள், சோலையம்மா ஆற்றுப் பக்கம் இறங்கியிருந்தால் அதற்குள் வெள்ளம் வந்துவிடும். வாலில் தொங்கிய குட்டி அதன் கண்முன் வந்தது.

"புல்வெளியில அண்ணே. நான் முந்திட்டேன். பிரிவுல நிக்கல. ஹார்னும் பொய்யா அடிச்சேன்."

கரடி உடனே தன் வண்டியில் ஏறியது.

"நான் முன்னால பறந்து போய்..." என்று கீரி தொடங்கியது.

"யாரும் பறக்க வேண்டாம். மூணு வண்டியும் சேர்ந்தே இறங்கும். உன்னையும் தொலைச்சுட்டுத் தேட எனக்கு நேரமில்ல."

மூன்று ஜீப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பிரிவில் வலப்பக்கம் புதிய டயர்த் தடம் மணலை நோக்கிப் போயிருந்தது.

ஆற்று நடுவில் சோலையம்மாவின் ஜீப் அச்சு வரை மணலில் புதைந்து நின்றது. என்ஜின் அணைந்திருந்தது. ஓட்டுகிற இருக்கையில், குட்டியை உள்ளே வைத்து, பலாப்பழம் போல் ஒரு பந்து. தூரத்தில் ஹோவென்று ஓர் இரைச்சல் தொடங்கியிருந்தது.

"அக்கா! விரிங்க அக்கா! தண்ணி வருது!" என்று கீரி செதிலைப் பிடித்து இழுத்தது. பந்து இன்னும் இறுகியது.

"விடு. இழுக்க இழுக்க இறுகும்" என்று சொல்லிக்கொண்டே கரடி இழுவைக் கயிற்றைச் சோலையம்மாவின் ஜீப்பில் மாட்டியது. மறுமுனை கரையில் நின்ற காட்டெருமையின் ஜீப்புக்குப் போனது. "ஸ்டியரிங்கை யாராவது பிடிக்கணும். எனக்கு அந்த இருக்கையில இடம் பத்தாது."

கீரி பந்தைப் பார்த்தது. பந்து இருக்கை முழுவதையும் அடைத்திருந்தது. வேறு வழியில்லை. பந்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. செதில்கள் குத்தின.

உள்ளேயிருந்து சின்னக் குரல் கேட்டது. "அம்மா, நம்ம மேல யாரோ உட்கார்ந்திருக்காங்க."

"நான்தாம்மா, துரைக்கண்ணு மாமா. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றது கீரி. பிறகு என்ஜினை முடுக்கிக் கால் எட்டிய மட்டும் மிதித்தது. சக்கரங்கள் சுழன்று மணலை வாரி இறைத்தன. ஜீப் இன்னும் ஒரு சாண் உள்ளே போனது.

"மிதிக்காதே!" கரடி கத்தியது. "சக்கரம் சுத்தினா குழிதான் ஆழமாகும். மாசிலாமணி இழுக்கற வேகம்தான் உன் வேகம். அதுக்கு மேல ஒரு துளி கூடாது."

இரைச்சல் நெருங்கியது. கீரியின் உடம்பில் ஒவ்வொரு முடியும் 'ஓடு, ஓடு' என்றது. அது காலை எடுத்துவிட்டுக் கயிற்றை மட்டும் பார்த்தது. கயிறு விறைத்தது. காட்டெருமை மெல்ல, மிக மெல்ல இழுத்தது. கீரியும் மெல்ல, மிக மெல்ல மிதித்தது. மணல் பிடியை விட்டது. ஜீப் ஓர் அடி நகர்ந்தது. இன்னோர் அடி. தண்ணீர் பின்சக்கரத்தை நக்கியது.

முன்சக்கரங்கள் கரையில் ஏறின. பின்சக்கரங்களும் ஏறின. அடுத்த நொடி, வேரும் கிளையுமாகச் செந்நிற வெள்ளம் அந்தக் குழியின் மேல் புரண்டு போனது.

கரடி இரு கையையும் தலைக்கு மேல் கூப்பியது.

வெகு நேரம் கழித்துப் பந்து விரிந்தது. சோலையம்மா முதலில் குட்டியைத் தடவிப் பார்த்தது. பிறகு கீரியைப் பார்த்தது.

"பிரிவுல உன்னைக் காணோம் தம்பி. பாறையில தடமும் தெரியல" என்றது. அவ்வளவுதான்.

"தப்பு என்மேலதான் அக்கா. இனிமே நீங்க எனக்கு முன்னாலதான் போவீங்க. நீங்க எவ்வளவு மெதுவா வேணும்னாலும் போங்க."

மறுபடியும் நான்கு ஜீப்புகளும் வரிசையாக மலை ஏறின. கணவாயைத் தாண்டியதும் கரடியின் கண்ணாடியில் காட்டெருமையைக் காணவில்லை. கரடி நின்றது. காட்டெருமையும் நின்றிருந்தது, ஏனென்றால் அதன் கண்ணாடியில் சோலையம்மாவைக் காணவில்லை. கரடி நீளமாக ஹார்ன் அடித்தது. காட்டெருமை அடித்தது. பதில் இல்லை. இருவரும் திரும்பி வந்து பார்த்தார்கள்.

பாதையோரத்தில் ஓர் எறும்புப் புற்று. சோலையம்மாவும் குட்டியும் தலையை உள்ளே விட்டு ஆனந்தமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பின்னால், என்ஜினை அணைத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தது கீரி.

"ஏண்டா பதில் ஹார்ன் அடிக்கல?" என்றது கரடி.

"உஷ்! சத்தம் போடாதீங்க அண்ணே. குட்டி இப்பத்தான் முதல் தடவையா எறும்பு தின்னுது."

கரடி பெருமூச்சு விட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தது. காட்டெருமையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"ம்" என்றது.

நீதி: கூட்டமாகப் போகும் வழியில், முந்திக்கொள்பவர் கெட்டிக்காரர் அல்ல, தமக்குப் பின்னால் ஒருவரும் விடுபடாமல் பார்த்துக்கொள்பவரே கெட்டிக்காரர்.