நிழல் பாடம்

குளக்கரை மருதமரத்தடியில் குட்டிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆமையார் தலைமையாசிரியர். மைனா டீச்சர்தான் எல்லாப் பாடமும் எடுப்பார். குரங்குக்குட்டி, முயல்குட்டி, அணில்குட்டி, சுண்டெலிக்குட்டி என்று எல்லாம் ஒரே தரையில் உட்கார்ந்து படித்தன. யார் வீடு உச்சிக்கிளையில், யார் வீடு மண்ணுக்குள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்த வருஷம் காட்டில் இருமல் நோய் பரவியது. பக்கத்தில் உட்கார்ந்தாலே தொற்றிக்கொள்ளும் நோய். ஆமையார் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்.

மூடியது சரிதான். ஆனால் நிழல் பாடம் பாக்கி இருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் குட்டிகள் தனியாக இரை தேடப் போக வேண்டும். தரையில் ஒரு நிழல் விழுந்தால் அது கொக்கின் நிழலா, பருந்தின் நிழலா என்று அந்த நொடியே தெரிய வேண்டும். தெரியாத குட்டி திரும்பி வராது. நிழல் பாடத்தில் தேறாத குட்டியை வெளியே விடுவதில்லை என்பது காட்டின் கட்டுப்பாடு.

அப்போதுதான் சிலந்தியார் வந்தார்.

"மரத்திலிருந்து வீட்டுக்கு வீடு நூல் கட்டிவிடுகிறேன். நூல் முனையில் ஓர் இலைக் குப்பி. டீச்சர் இங்கே பேசினால், குப்பியைக் காதில் வைத்த குட்டிக்கு அங்கே கேட்கும். பெயர் கூப்பிட்டால் நூலை ஒரு தடவை இழுக்க வேண்டும். இழுத்தால் 'உள்ளேன்' என்று அர்த்தம். காட்டில் ஒரு குட்டிகூட விடுபடாது."

"குட்டிகள் எங்களிடம் பேச முடியுமா?" என்று கேட்டார் மைனா டீச்சர்.

"முடியாது. இழுக்கலாம், அவ்வளவுதான். பேச ஆரம்பித்தால் வகுப்பு ஒழுங்காக நடக்குமா, நீங்களே சொல்லுங்கள்?"

டீச்சருக்கு அது பிடித்துப் போயிற்று. எதிர்க்கேள்வி கேட்காத வகுப்பு யாருக்குத்தான் பிடிக்காது?

தள்ளித் தள்ளி நின்றிருந்த பெற்றோரில் சுண்டெலி அம்மா மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஐயா, எங்க வளை மண்ணுக்குள்ள இருக்கு. ஒரே ஈரம். உள்ள கொண்டுபோனா நூல் சுவத்துல ஒட்டிக்குமே. அப்புறம் எப்படிக் கேட்கும்?"

"வளை வாசலில் வந்து உட்காரச் சொல்லுங்கள். நன்றாகக் கேட்கும்."

"வாசலுக்கு நேர் மேலதான் பருந்து சுத்துது."

"அம்மா, நூல் கட்டுவது என் வேலை. பருந்து என் வேலை இல்லை" என்றார் சிலந்தியார்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். சுண்டெலி அம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாளே வகுப்பு தொடங்கியது.

சுண்டெலிக்குட்டியின் பெயர் கடுகி. வளை வாசலில் குப்பியைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தது. மழை விட்டு வெயில் சுட்டது. டீச்சரின் குரல் தெளிவாக வந்தது.

"கவனியுங்கள். கொக்கின் நிழலில் கால்கள் பின்னால் நீண்டிருக்கும். பருந்தின் நிழலுக்கு வால் எப்படி இருக்கும் என்றால்..."

தரையில் ஒரு நிழல் ஓடியது. கடுகி நூலை விட்டுவிட்டு வளைக்குள் பாய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், குளத்துப் பக்கம் ஒரு கொக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

குப்பியை மறுபடி எடுத்தபோது டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்: "...புரிந்ததா? இதுதான் முக்கியமான வித்தியாசம். இனி இதைத் திருப்பிச் சொல்ல மாட்டேன்."

தினமும் இதே கதைதான். எந்த நிழலுக்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தால் கடுகி நூலை விட்டு ஓடாது. நூலை விட்டு ஓடாமல் இருந்தால்தான் எந்த நிழலுக்குப் பயப்பட வேண்டும் என்று தெரியும். இதிலிருந்து அந்தக் குட்டி எப்படி வெளியே வரும்? வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று சொன்ன யாரும், எந்த வீட்டிலிருந்து என்று கேட்கவில்லை.

உச்சிக்கிளையில் குரங்குக்குட்டி தாவனுக்கு வேறு கவலை. பக்கத்து மரத்தில் அத்தி பழுத்திருந்தது. வகுப்போ நீண்டுகொண்டே போனது. அவன் யோசித்தான். காற்றில் ஆடும் ஒரு கொம்பில் நூலைக் கட்டிவிட்டு அத்திமரத்துக்குப் போய்விட்டான். கொம்பு ஆடியது. நூல் இழுபட்டது.

"தாவன்?" என்றார் டீச்சர். நூல் இழுத்தது.

"பாடம் புரிந்தவர்கள் இழுங்கள்." தாவனின் நூல் இரண்டு தடவை இழுத்தது.

"சந்தேகம் இருப்பவர்கள் இழுங்கள்." அதற்கும் இழுத்தது.

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்கள் இந்தப் பிள்ளையை! புரியவும் செய்கிறது, சந்தேகமும் வருகிறது. இதுதான் படிக்கிற பிள்ளைக்கு அடையாளம்."

பிறகு, "கடுகி?" என்றார்.

நூல் அசையவில்லை.

"கடுகி? இன்றைக்கும் இல்லையா? வீட்டு வாசலுக்கே பள்ளிக்கூடம் வந்தும் சிலதுகளுக்குப் படிப்பு ஏறாது. எலிக்குப் பொறுக்கத்தான் தெரியும் போலிருக்கிறது."

எல்லாக் குப்பியிலும் அது கேட்டது. காட்டில் எங்கெங்கோ குட்டிகள் சிரித்தன. அந்த நேரம் கடுகி குப்பியைத் திரும்ப எடுத்திருந்தது. அதன் காதிலும் அது விழுந்தது. "இருக்கேன் டீச்சர்" என்று வாய் திறந்து சொன்னது. நூலில்தான் குட்டிகளின் குரல் போகாதே!

வளைக்குள் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

"நான் போய் டீச்சர்கிட்ட சொல்றேன்டி" என்றாள் அம்மா.

"வேணாம்மா. போகாத."

"ஏன்? நீ என்ன தப்பு பண்ணின?"

"நம்ம வீட்டுக்குள்ள ஒரே ஈரம், நூல் ஒட்டிக்குது, வெளிய உட்கார்ந்தா பயமா இருக்குன்னு சொல்லுவ. எல்லாருக்கும் தெரிஞ்சிடும். மறுபடி சிரிப்பாங்க. எனக்கு வெக்கமா இருக்கும்மா."

அம்மா போகவில்லை. அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் யாரோ, வெட்கம் மட்டும் அந்த வளைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சில நாட்கள் போயின. சிலந்தியார் டீச்சரிடம் வந்தார்.

"புதிதாக மான்குட்டி சேர்ந்திருக்கிறது. நூல் போதவில்லை."

"கடுகியின் நூலை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் மைனா டீச்சர். "வராத பிள்ளைக்கு நூல் எதற்கு?"

சிலந்தியார் பாதி வழியில், ஓர் ஆவாரஞ்செடியின் மேல் நூலை வெட்டினார். தமக்கு வேண்டியதைச் சுருட்டிக்கொண்டு போனார். மீதி நூல் செடியின் கிளையில் சுற்றிக்கொண்டு நின்றது. கடுகியிடம் யாரும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடியப் போகிறது என்றதும் ஆமையாருக்கு ஓர் ஆசை வந்தது. நூல் வகுப்பின் சிறந்த மாணவனை வீடு தேடிப்போய்ப் பாராட்ட வேண்டும். ஆள் தாவன்தான், வேறு யார்? ஆமையார் முந்தின நாளே கிளம்பிவிட்டார். மைனா டீச்சர் காலையில் பறந்து போய் அவரைப் பிடித்தார். இரண்டு பேரும் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

உச்சியில் ஒரு கொம்பு ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நூல். நூலோடு ஒரு குப்பி. குப்பிக்குள் ஓர் எறும்பு.

"உங்கள் சிறந்த மாணவன் எங்கே டீச்சர்?" என்று கேட்டார் ஆமையார்.

பக்கத்து அத்திமரத்திலிருந்து ஓர் அத்திக்காய் அவர் ஓட்டில் 'டொக்' என்று விழுந்தது. மேலே தாவன் வாய் நிறைய அத்திப்பழத்தோடு உட்கார்ந்திருந்தான். டீச்சரைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

"இறங்குடா கீழே! இவ்வளவு நாளும் நூலை இழுத்தது யார்?"

"காத்து, டீச்சர்."

"பொய்யாகவா 'உள்ளேன்' என்றாய்?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. நீங்க இழுக்கச் சொன்னீங்க, அது இழுத்துச்சு. நான் இருக்கேனான்னு நீங்க ஒரு நாளும் வந்து பாக்கல."

ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். டீச்சருக்கு இழுத்துக்கொள்ள ஓடு இல்லை.

அத்தனை நாளும் காற்றுக்கா பாடம் நடத்தினோம்? காற்றையா பாராட்டினோம்? டீச்சருக்கு முகம் சுட்டது. அப்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. இழுத்த நூலுக்குப் பின்னால் ஆள் இல்லை. அப்படியென்றால் இழுக்காத நூலுக்குப் பின்னால்?

டீச்சர் சுண்டெலி வளைக்குப் பறந்தார்.

மேலேயிருந்து பார்த்தபோதே தெரிந்தது. வளை வாசலில், சுட்டெரிக்கும் வெயிலில், ஒரு சின்னக் குட்டி குப்பியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டீச்சர் இறங்கினார். அவருடைய நிழல் அவருக்கு முன்னால் தரையில் ஓடியது.

குட்டி குப்பியைப் போட்டுவிட்டு வளைக்குள் பாய்ந்தது.

உள்ளேயிருந்து நடுங்கும் குரல் கேட்டது. "மறுபடியும் நூலை விட்டுட்டேன்மா. இப்பத்தான் என் பேரைக் கூப்பிட்டிருப்பாங்க."

"சத்தம் போடாத. நிழல் போகட்டும்" என்றாள் அம்மா.

அது தன் நிழல் என்று டீச்சருக்குத் தெரிந்தது. குனிந்து நூலைப் பார்த்தார். அது ஆவாரஞ்செடிவரை போய், ஒரு கிளையைச் சுற்றிக்கொண்டு முடிந்துபோயிருந்தது. செடி முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. அந்த ஒரு கிளையில் மட்டும் ஒரு பூ இல்லை. எல்லாம் கீழே உதிர்ந்து கிடந்தன. இழுத்து இழுத்து உதிர்ந்த பூக்கள். நூல் அறுந்தது தெரியாமல் அந்தக் குட்டி தினமும் 'உள்ளேன், உள்ளேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"கடுகி" என்று கூப்பிட்டார் டீச்சர்.

கடுகி மெல்ல மூக்கை நீட்டியது. டீச்சர் என்று தெரிந்ததும் ஓடி வந்து, நோய்க்காலம் என்று நினைவு வந்து தள்ளி நின்றது.

"டீச்சர், ரொம்ப நாளா உங்க குரலே வரல. என்மேல கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன். நான் இழுத்துக்கிட்டேதான் இருந்தேன் டீச்சர். மெதுவா இழுத்திருப்பேன் போல. மன்னிச்சிடுங்க."

டீச்சர் எத்தனையோ சொல்ல நினைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியது நான் என்று சொல்ல நினைத்தார். வளைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

"நூலை நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார் கடைசியில். "நீ இழுத்தது எனக்கு வரவே இல்லை. பாடத்தை முதலிலிருந்து எடுக்கிறேன். தினமும் இங்கேயே வந்து எடுக்கிறேன்."

சுண்டெலி அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டீச்சர் வெயிலில் சிறகை விரித்துக் காட்டினார். சிறகின் நிழல் கடுகியின் காலடிவரை நீண்டது. கடுகி பின்வாங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. பிறகு, பாடத்தில் சந்தேகம் கேட்கும் குட்டியைப் போலவே கேட்டது:

"டீச்சர், இது பயப்பட வேண்டிய நிழலா, வேண்டாத நிழலா?"

மைனா டீச்சர் சிறகை மெல்ல மடக்கிக்கொண்டு தலைகுனிந்தார்.

பாடம் வந்து சேராத வீட்டின் வாசல்வரை போய்ப் பார்க்காமல் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்கிறவர்தான் வெட்கப்பட வேண்டும், அந்தப் பிள்ளை அல்ல.