அப்பா கொல்லத்தில் இல்லை

சிற்றாற்றங்கரையில் உலகம்மை நடத்திவந்த மடத்தில், ஞாயிறுதோறும் வருகிறவர்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு உண்டு. உபதேசம் கிடையாது. கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் கேட்டாலும் சொல்லமாட்டார். வயது நாற்பத்தைந்துதான். அவரைக் குருவாக வரித்துக்கொண்டவர்களில் அவரைவிட மூத்தவர்களும் இருந்தார்கள்.

இசக்கியம்மாள் ஆறு வருடமாக அங்கே வருகிறவள். தென்காசியில் வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மடத்துக்கு வந்துவிட்டால் கீரை ஆய்வாள், பந்தி பரிமாறுவாள், பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

அன்றைக்கு முருங்கைக் கீரையை முன்னால் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். உலகம்மை எதிரே வந்து உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார்.

"அம்மா, எம் மககிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்லதுன்னு தெரியல."

"எதைப் பத்தி?"

"அவ அப்பாவைப் பத்தி. ஜெயில்ல பாக்கப் போயிருந்தேன். பிள்ளையக் கண்ணால பாக்கணும்னு அழுதாக."

உலகம்மை உருவிய காம்பைக் கீழே போட்டார். பிறகு, "நான்தான் ஒன் மகன்னு வச்சுக்கோ, பத்து வயசுப் பிள்ளை. எங்க அப்பா எங்கே?" என்று கேட்டார்.

இசக்கி திகைத்துப்போனாள். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"கொல்லத்துக்கு வேலைக்குப் போயிருக்காக."

"எப்ப வருவாக?"

"தீபாவளிக்கு."

"ஏன் எனக்குப் போன் பண்ணல?"

"அங்கே டவர் கிடைக்காது."

"கொல்லத்துலயா?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். "அவளும் இப்படித்தாம்மா கேட்டா."

"இப்ப என்ன கேக்கா?"

"இப்ப ஒண்ணும் கேக்கதில்ல. மூணு மாசமாச்சு. மறந்துட்டான்னு நினைக்கேன்."

கீரை உருவிய உலகம்மையின் விரல்கள் நின்றன. பிறகு மறுபடி அசைந்தன.

"சரி. இப்ப நான் பிள்ளை இல்ல. எனக்குச் சொல்லு. ஒன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?"

"ஒங்களுக்குத் தெரியாததா?"

"நீ சொல்லிக் கேக்கலையே."

உண்மைதான். வழக்கு நடந்த இரண்டு வருடமும், தீர்ப்பு வந்தபிறகும், இசக்கி யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லாரும் தெரிந்துகொண்டு வந்தார்கள். தெரிந்த முகத்தோடு பேசிவிட்டுப் போனார்கள்.

கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"குடிச்சிட்டு வேன் ஓட்டினாக. சைக்கிள்ல போன ஒருத்தர் மேல ஏத்திட்டாக. அவரு செத்துட்டாரு. அஞ்சு வருஷம் தண்டனை."

சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உலகம்மை எழுந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இசக்கி குடித்தாள்.

"இத அந்தப் பிஞ்சுகிட்ட எப்படிம்மா சொல்ல? எவ்வளவு சொல்ல?"

"பந்திக்கு நேரமாச்சு. வா" என்றார் உலகம்மை.

பந்தியில் கடைசி இலையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயதிருக்கும். யாரோடு வந்தவளோ. இசக்கி மனம் எங்கேயோ இருக்க, பெரியவர்களுக்கு ஊற்றிய கையோடு அந்த இலையிலும் இரண்டு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டாள். சோறு மூழ்கி, சாம்பார் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது. பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

உலகம்மை அந்த இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டார். ஒரு கைப்பிடி சோறு வைத்தார். அரைக் கரண்டி சாம்பார். அப்படியே பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டார். மற்ற இலைகளில் ரசத்துக்குக் குரல் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை தின்று முடித்து நிமிர்ந்து அவரைப் பார்த்தது. இன்னொரு கைப்பிடி வைத்தார்.

இசக்கி வாளியைப் பிடித்தபடி நின்றாள்.

மறுநாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளை வாசல்படியில் உட்கார்த்தி வைத்துத் தலை பின்னினாள் இசக்கி. மகள் பெயர் முத்துச்செல்வி. ஐந்தாம் வகுப்பு. முகம் தெருவைப் பார்த்து இருந்தது. அது வசதியாகவும் இருந்தது.

"செல்வி."

"ம்."

"அப்பா கொல்லத்துல இல்ல."

அதற்குமேல் சொல்ல நிறைய தயார் செய்து வைத்திருந்தாள். சட்டம், விதி, கெட்ட சகவாசம், சாமி மன்னிக்கும் என்பது வரை. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அவள் காத்திருந்தாள்.

"தெரியும்" என்றாள் செல்வி.

சீப்பு பாதியில் நின்றது.

"எப்படிட்டி?"

"வடை வாங்கினேன்லா, பஸ் ஸ்டாண்டு கடையில. மடிச்சுக் குடுத்த பேப்பர்ல அப்பா போட்டோ இருந்துச்சு. எல்லாம் எழுதியிருந்துச்சு."

"எப்ப?"

"முழுப் பரீட்சைக்கு முன்னால."

இசக்கி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று மாதம்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"கிழிச்சு ஓடையில போட்டுட்டேன். நீ பாத்துரக் கூடாதுன்னு." கொஞ்சம் நிறுத்தி, "ஸ்கூல்ல கேட்டாக. கொல்லத்துலதான் இருக்காகன்னு சொன்னேன். நீ அங்கேயும் அப்படித்தான் சொல்லியிருந்த" என்றாள்.

இசக்கி பின்னலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு தண்ணீர் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"அம்மா."

"சொல்லு."

"அந்த சைக்கிள்ல போனவுகளுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் கோர்ட்டு வராந்தாவில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் தன் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருந்தாள்.

"ஒரு பையன் இருக்கான். ஒன் வயசுதான் இருக்கும்."

"அவன்கிட்ட யாரு சொன்னா?"

"அவன் அம்மாதான் சொல்லியிருக்கணும்."

செல்வி திரும்பினாள். பின்னல் கையிலிருந்து நழுவி அவிழ்ந்தது. தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதமாக அந்தப் பெண் அழுது இசக்கி பார்த்ததில்லை. நல்ல பிள்ளை, அடமே கிடையாது என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகக்கூடச் சொல்லியிருந்தாள்.

அழுது ஓய்ந்தபிறகு, "அங்கே அப்பாவுக்குச் சோறு போடுவாகளா?" என்று கேட்டது குழந்தை.

"போடுவாக."

"நான் வந்து பாக்கலாமா?"

"பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்ற இசக்கியின் கணவன் சுடலைமணி, வலையைப் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "குடிச்சீகளாப்பா?" என்று செல்விதான் முதலில் கேட்டாள். அவன் ஆமாம் என்றான். அதன்பிறகு ஸ்கூல் கதையெல்லாம் பேசினாள்.

அடுத்த ஞாயிறு மடத்தில், நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் உலகம்மையிடம் சொன்னாள் இசக்கி. சொல்லிவிட்டும் அவள் முகம் தெளியவில்லை.

"ஒண்ணு மட்டும் மனசை அரிக்கும்மா."

"என்ன?"

"அவளுக்குத்தான் எல்லாம் முன்னாலயே தெரிஞ்சிருக்கே. தெரிஞ்ச பிள்ளைகிட்டச் சொல்லவா இத்தனை நாள் கெடந்து தவிச்சேன்? நான் சொல்லாட்டிதான் என்ன?"

உலகம்மை கழுவிய இலைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்ததை அடுக்கின்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும்தான்" என்றார். "ஆனா இந்த மூணு மாசமும் அவ அதைத் தனியா ஒருத்தியால்லா தெரிஞ்சு வச்சிருந்தா."