விழுங்கிய ஹகரம்

பியோ இன்சொப் முப்பது ஆண்டுகள் கொரிய வானொலியில் செய்தி வாசித்தவர். ஓய்வுபெற்றதும் மலையடிவாரத்துப் பிக்குணி மடம் ஒன்றில் சீடராகச் சேர்ந்தார். பகலில் வாசல் அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வழி சொல்வது அவர் வேலை. குருவான மியோங்கான் அவரைவிட இருபது வயது இளையவர்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவரால் ஒரு கோபத்தை மட்டும் விட முடியவில்லை. மடத்துக்கு வரும் இளைஞர்கள் பேசும்போது ஒலிகளை விழுங்கினார்கள். கொரிய மொழியில் தொலைபேசிக்கு ‘ஜொன்ஹ்வா’ என்று பெயர். அவர்கள் வாயில் அது ‘ஜொனா’ ஆகியிருந்தது. நன்றி சொல்லும்போதும் நடுவில் ஒரு ஹகரத்தைக் காணோம்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை ஒரு பெண் வாசல் அறைக்குள் ஓடிவந்தாள். இடுப்புவரை நனைந்திருந்தாள்.

“ஜொனா,” என்றாள். “சீக்கிரம், ஜொனா.”

“அப்படி ஒரு சொல் கிடையாது,” என்றார் இன்சொப்.

அவள் ஓடைப் பக்கம் கையைக் காட்டி மறுபடியும் அதையே சொன்னாள். அவர் மேசைமேல் இருந்த தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, முழுச் சொல்லையும் ஒழுங்காகச் சொல்லச் சொன்னார். அவள் அழுதுகொண்டே ஹகரத்தை அழுத்திச் சொன்னாள். அப்புறம்தான் கையை எடுத்தார்.

அதற்குள் மியோங்கான் ஓடையில் இறங்கியிருந்தார். அந்தப் பெண்ணின் தோழி வழுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, பனி உருகிய தண்ணீரில் கிடந்தாள். குரு அவளைக் கரைக்கு இழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. உயிருக்கு ஆபத்தில்லை என்று மதியம் தகவல் வந்தது.

பிறகு குரு வாசல் அறைக்கு வந்தார். இன்சொப்பின் ஆத்திரம் அப்போதும் அடங்கவில்லை. அவசரத்தில்கூட ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லத் தெரியாத தலைமுறை இது, இவர்களிடம் மொழி உருப்படாது என்று பொரிந்து தள்ளினார்.

“இதெல்லாம் ஒரு பேச்சா, குருவே? கேட்கிறவர்களுக்கு என்ன புரியும்?”

“உங்களுக்குப் புரியவில்லையா?”

“புரிந்தது. அது வேறு விஷயம்.”

மியோங்கானின் முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டு இன்சொப் ஒருநாளும் பார்த்ததில்லை. குரல் மட்டும் உயரவில்லை.

“நான் தோட்டத்தில் இருந்தேன். தண்ணீரில் கிடந்த பெண் கத்துவது அங்கே கேட்டது. அதில் ஒரு மெய்யெழுத்துகூட இல்லை,” என்றார். “எனக்குப் புரிந்தது.”